நடுக்குரல்

– அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன் அம்மா. ‘மண்டைக்குள்ள மண்ணா இருக்கு’ன்னு கேட்டா மனுஷன் மனசு என்னாகும்? வேற மாதிரி சொல்லு.

– வேற எந்த மாதிரி? சாவியத் திருப்பாதன்னு சொல்லு. வண்டி நின்னதுலேருந்து எட்டு தடவ செல்ஃப் அடிச்சாச்சு. பேட்டரி செத்துச்சுன்னா இந்தச் செம்மண்ணுல நாம மூணு பேரும் அதுக்குத் துணையாக் கெடக்க வேண்டியதுதான். சொல்லு புள்ள.

– க்ளைவ்! கொஞ்ச நேரம் செல்ஃப் அடிக்க வேண்டாமாம். அம்மா அன்பாக் கேட்டுக்கறாங்க.

– யப்பா, அந்த அன்பு ஓட்டுற சீட்டு வரைக்கும் கேட்டுச்சு டாஃப்.

– கேட்டாலும் கேக்காத மாதிரி இரு. பத்து வருஷமா அப்படித்தானே ஓட்டிக்கிட்டிருக்கோம்? மாமியாரும் மருமகனும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்கக் கூடாது, ஒரு வார்த்த பேசிக்கக் கூடாது. சரி, நம்ம சனத்தோட வழக்கம், மரியாத. ஆனா நடுவுல இருக்கிறவளப் பாம்பு கடிச்சா என்ன பண்றதுன்னு நம்ம பெரியவங்க யாரும் யோசிக்கல பாரு.

– சிரிக்காத புள்ள. சிரிச்சா விஷம் சீக்கிரம் ஏறும். படுத்த வாக்குலயே இரு. கைய அசைச்சியா?

– எங்க அசைக்கறது? விரல்லேருந்து தோள் வரைக்கும் சுத்திக் கட்டிக் கம்பு வேற வச்சிருக்க. உன் பாவாடையில பாதி என் கையில இருக்கு. மீதிப் பாதியோட நீ நிக்கறத அவரு பாக்காம இருக்கறதே நல்லது.

– வாய் மட்டும் குறையல உனக்கு.

– இப்போ உங்க ரெண்டு பேருக்கும் என் வாய்தானே வேணும்?

– டாஃப், அங்க இருக்கிறவங்ககிட்ட கேளு. செல்ஃப் நல்லாத்தான் சுத்துது, என்ஜின்தான் பிடிக்க மாட்டேங்குது. ஓடிக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு தடவ இருமிச்சு, நின்னுருச்சு. டீசல் முள்ளு பாதிக்கு மேல நிக்குது. வேற என்னவா இருக்கும்?

– அம்மா, முள்ளு பாதிக்கு மேல...

– காதுல விழுந்துச்சு. இருமி நின்னா டீசல் மேல வரலன்னு அர்த்தம். நான் முன்னாடி போய் பானட்டத் திறக்கணும். அவர எறங்கிப் பின்னாடி வரச் சொல்லு. அவரு ஓட்டுற பக்கமாச் சுத்தி வரட்டும், நான் இந்தப் பக்கமாப் போறேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு வரட்டும்.

– க்ளைவ், அம்மா முன்னாடி வராங்க. நீ உன் பக்கமாவே சுத்தி என்கிட்ட வா. இதோ, ஆரம்பிச்சுட்டாங்க. பிஸ்கட், பாத்தியாடா? நீ வாலத் துரத்துற மாதிரியே இவங்களும் வண்டியச் சுத்தறாங்க.

– நாய விடு. என்னப் பாரு டாஃப். கண்ணு ஏன் இப்படி இருக்கு? இமை தொங்குது.

– வெயிலு.

– நீ வெயில்ல இல்ல. வண்டிக்குள்ள நிழல்ல படுத்திருக்க.

– அப்போ தூக்கம். பயமுறுத்தாத க்ளைவ். அம்மாவுக்குக் கேட்டுரும்.

– புள்ள! ஃபில்டர் மேல இருக்கிற கை பம்ப்ப அமுக்கறேன், மெத்து மெத்துன்னு போகுது. டீசல் இருந்தா கல்லு மாதிரி நிக்கணும். எங்கயோ காத்த உறிஞ்சுது. அவர வண்டிக்கு அடியில போகச் சொல்லு. டேங்க்குலேருந்து வர்ற குழாயக் கையால தடவிக்கிட்டே முன்னாடி வரட்டும். எங்க ஈரமா இருக்கோ அங்க நிக்கட்டும். முன் சக்கரத்தத் தாண்டி வர வேண்டாம், என் காலு தெரியும்.

– கேட்டுச்சு, போறேன். டாஃப், நீ பேசிக்கிட்டே இரு, சரியா? அடியில இருந்தாலும் உன் சத்தம் எனக்குக் கேக்கணும்.

– என்னத்தப் பேச? இன்னிக்குத் தேன் எறும்பு நல்லாக் கெடச்சுதுன்னு பேசவா? வயிறு முட்டத் தேனோட, ஒரு டப்பா நிறைய எறும்பு. இன்னும் கொஞ்சம் ஆழத்துல இருக்கும்னு வேருக்கடியில கைய விட்டேன். பழுப்பா ஒண்ணு. அதுவும் வேருன்னுதான் நெனச்சேன். உண்மையச் சொல்லட்டுமா? வலிக்கவே இல்ல க்ளைவ். முள்ளு குத்தின அளவுகூட இல்ல. அதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

– யப்பா...

– என்ன?

– ஈரம் இல்ல டாஃப். குழாயே இல்ல! அரை மீட்டர் பிச்சுக்கிட்டுப் போயிருக்கு. நீங்க கத்தினதும் நான் காட்டுக்குள்ளயே நேரா ஓட்டிக்கிட்டு வந்தேன் பாரு, ஏதோ அடிமரம் உரசிச்சு. அப்போ நசுங்கினது இவ்வளவு தூரம் குலுங்கினதுல கழண்டு விழுந்திருக்கு. நான்தான் டாஃப். நான்தான் உடைச்சிருக்கேன்.

– அம்மா, டீசல் குழாய் போச்சாம். காட்டுக்குள்ள வந்தப்போ.

– ரோடுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? ரெண்டு நிமிஷம் சுத்தி வந்திருந்தா இந்நேரம் பாதி வழி போயிருப்போம். கண்ண மூடிக்கிட்டா ஓட்டினாரு? என் புள்ள உசிரு இந்த ஒரு வண்டியிலதான் இருக்குன்னு தெரிய வேண்டாமா? சொல்லு. ஒரு வார்த்த குறைக்காம அப்படியே சொல்லு.

– க்ளைவ்... அம்மா சொல்றாங்க, நீ அவ்வளவு வேகமா வந்தது நல்லதாப் போச்சாம். யாரா இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பாங்களாம்.

– அப்படியா சொன்னாங்க? அடியில எனக்குச் சரியாவே கேக்கல. அப்படிச் சொன்னாங்களா?

– சொன்னாங்க. வெளிய வந்து முகத்தக் கழுவு. அந்த மரத்துகிட்டப் போய் அந்தப் பக்கமாத் திரும்பி நில்லு. அம்மா என்கிட்ட வரணும்.

– நான் எப்போ புள்ள அப்படிச் சொன்னேன்?

– மெதுவாப் பேசு. கொஞ்சம் கழிச்சு நீயே சொல்லியிருப்ப. நான் முன்னாடியே சொல்லிட்டேன்.

– பத்து வருஷமும் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தியா?

– பின்ன? உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நாள்கூட மனஸ்தாபம் வரலயே, அது எப்படின்னு நெனச்ச?

– வாயத் திற. ஈறக் காட்டு.

– எதுக்கு?

– காட்டுன்னா காட்டு.

– என்னம்மா? என்ன இருக்கு?

– ஒண்ணுமில்ல. துப்பாத, துணியில ஒத்திக்க. அவருகிட்டச் சொல்லு, அடியில ஒட்டுப் போட வழியில்ல. டேங்க்க மறந்துரட்டும். பின்னாடி இருபது லிட்டர் டீசல் கேன் இருக்கு. இந்தக் குடிதண்ணி டிரம்முல போட்டிருக்கிற குழாய நான் அறுத்து எடுக்கறேன். ஒரு முனை கேனுக்குள்ள, ஒரு முனை என்ஜினுக்கு. கேன் கூரை மாதிரி உசரத்துல இருந்தா டீசல் தானா எறங்கும். என்ஜின்லேருந்து திரும்பி வர்ற குழாயையும் கேனுக்குள்ளயே விட்டுட்டா வீணாப் போகாது.

– க்ளைவ்! டேங்க்க விட்டுட்டுக் கேன்லேருந்து நேரா டீசல் குடுக்கப் போறாங்க!

– அவங்க சொன்னா ஓடும் டாஃப்! மிஷன் பாதிரியாருங்க ஷெட்ல பதினோரு வருஷம் டிராக்டரப் பிரிச்சவங்க. நான் ஓட்டத்தான் லாயக்கு.

– அதுவும் இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு!

– அவரக் கேலி பண்ணாத புள்ள.

– நீ திட்டலாம், நான் கேலி பண்ணக் கூடாதா?

– நான் பயந்துக்கிட்டுத் திட்டறேன். திட்டலன்னா இந்தக் குழாய நேரா அறுக்க முடியாது. கேட்டியா? நேரா அறுக்கலன்னா மறுபடியும் காத்த உறிஞ்சும்.

– அம்மா.

– ம்.

– எனக்குப் பேச்சு வரலன்னா நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?

– வரும்.

– வரலன்னா?

– நீ முதல்ல பேச ஆரம்பிச்சப்போ ‘போதும் நிறுத்து’ன்னு கெஞ்சியிருக்கேன் நான். உனக்காவது பேச்சு வராமப் போறதாவது. இரு, குழாய மாட்டிட்டு வரேன். நான் முன்னாடி போயிட்டேன்னு சொல்லு, அவரு கேன எடுத்துத் தரட்டும். கையில தர வேண்டாம். சக்கரத்துகிட்ட வச்சுட்டுப் போகட்டும்.

– க்ளைவ், வரலாம். கேன எடுத்து முன் சக்கரத்துகிட்ட வச்சுட்டு என்கிட்ட வா.

– வச்சுட்டேன். டாஃப், கிட்ட வா... இல்ல, அசையாத, நான் கிட்ட வரேன். மெதுவாக் கேளு. மணி ரெண்டாச்சு. பெரிய ரோடு வழியாப் போனா கிளினிக் நூத்திமுப்பது கிலோமீட்டர். கேன்ல குழாயப் போட்டுக்கிட்டு வேகமாப் போக முடியாது, மூணு மணி நேரமாவது ஆகும். சுனை வழியாப் போனா அம்பத்தஞ்சுதான்.

– அந்த வழி மூடியிருக்கு.

– தெரியும். உன் தம்பி வண்டி உருண்ட இடம். சாவு விழுந்த வழின்னு ரெண்டு வருஷமாக் கிளையப் போட்டு மறிச்சு வச்சிருக்கு. உங்க அம்மா வாயால ‘போகலாம்’னு சொன்னாத்தான் அது திறக்கும். நான் வேற ஊர்லேருந்து வந்தவன், அந்தக் கிளையத் தொடக்கூட எனக்கு உரிமை இல்ல. நீ கேளு.

– நீ பாக்கலயா அவங்கள? அவன் போன அன்னிக்குக் கல்ல எடுத்துத் தலையில அடிச்சுக்கிட்டாங்களே, அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. நாலு மாசம் வாயத் திறக்கல. இப்பக்கூட சுனை இருக்கிற அந்த மலை தெரியற பக்கம் திரும்பி உக்காந்து ஒரு டீ குடிக்க மாட்டாங்க. அவங்களப் போய் நான் எப்படிக் கேக்கறது?

– உனக்காகத்தானே கேக்கச் சொல்றேன்.

– எனக்காகன்னு கேட்டா அவங்க மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல? அதான்.

– டாஃப், உன் உதட்டுல ரத்தம் இருக்கு. நான் கெஞ்சிக் கேக்கறேன். ஒரே ஒரு தடவ கேளு.

– சரி. கேக்கறேன். நீ நாயக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போ.

– போறேன். இதோ போறேன்.

– அம்மா... அம்மா!

– என்ன புள்ள? கத்தாத, கிட்டதான் இருக்கேன். மாட்டியாச்சு. கம்பியால இறுக்கிக் கட்டியிருக்கேன்.

– அம்மா, ஒண்ணு...

– சொல்லு.

– தண்ணி வேணும்.

– நாக்க நனைச்சுக்க, அவ்வளவுதான். ம், மெதுவா. என்ன ஒரு பக்கமா ஒழுகுது? முழுங்கு. முழுங்க முடியலயா?

– முடியுது. நீ தப்பாச் சாய்ச்ச.

– புள்ள... எந்த வழியாப் போறதுன்னு அவரு ஏதாவது சொன்னாரா?

– பெரிய ரோடுன்னாரு.

– வேற எதுவும் கேக்கலயா?

– இல்லயே. வேற என்ன கேக்கணும்?

– ஒண்ணுமில்ல. அவருக்குத் தெரியாததா. சரி, விடு.

– அம்மா, அழறியா?

– டீசல் கண்ணுல தெறிச்சுருச்சு. நான் முன்னாடி போறேன். இப்போ கவனமாக் கேளு. குழாய்க்குள்ள நிறைய காத்து இருக்கு, அத வெளிய விடணும். நான் டீசல் தெளிக்கிற நாசில் நட்ட ஒண்ணொண்ணா லேசாத் தளத்துவேன். நான் ‘அடி’ன்னா அவரு செல்ஃப் அடிக்கணும். நுரை வரும், நுரை போய் டீசல் வந்ததும் ‘நிறுத்து’ன்னுவேன், அந்த நிமிஷமே நிறுத்தணும். நான் நட்ட இறுக்கிருவேன். நாலு நட்டு. பேட்டரில அதுக்குத்தான் உசிரு இருக்கு, மேல ஒரு சுத்து கெடையாது. புரிஞ்சுதா?

– புரிஞ்சுது. க்ளைவ்! சீட்டுல ஏறு. நான் ‘அடி’ன்னா அடி, ‘நிறுத்து’ன்னா நிறுத்து.

– கேட்டியா டாஃப்? அவங்ககிட்ட?

– கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க, மெதுவாப் பேசு. உசிரே போனாலும் அந்த வழி வேண்டாமாம். இனிமே அந்தப் பேச்ச அவங்ககிட்ட எடுக்காத, சரியா?

– சரி.

– பானட் மூடி நேராத் தூக்கியிருக்குதான? அவங்க முகம் தெரியலயே?

– தெரியல. நான் ஸ்டியரிங்க மட்டும் பாக்கறேன்.

– முதல் நட்டு. அடி!

– அடி க்ளைவ்!

– நுரை... நுரை... வந்துருச்சு, நிறுத்து!

– நிறு... நிறுத்து!

– இன்னும் சுத்துது! நிறுத்தச் சொல்லு புள்ள, வீணாப் போகுது!

– நிறுத்திட்டேன்! டாஃப், நீ சொன்னதும் நிறுத்திட்டேன்.

– ஏன் இவ்வளவு நேரம் ஆச்சு? நான் சொன்ன மூச்சுலயே நீ சொல்லணும். அடுத்தது. அடி!

– அ... அடி.

– டாஃப், என்ன சொன்ன? அடிக்கவா?

– அடின்னேன்...

– அடிக்கறேன்!

– இப்போ நிறுத்து! நிறுத்து, நிறுத்து!

– ம்...

– புள்ள! சொல்லு! டீசல் மண்ணுல கொட்டுது! செல்ஃப் சோர்ந்து போச்சு, சத்தத்தக் கேளு, இழுத்து இழுத்துச் சுத்துது! டாஃப்னி!

– நானே நிறுத்திட்டேன் டாஃப். சத்தம் குறைஞ்சுது, நிறுத்திட்டேன். டாஃப், ‘நிறுத்து’ன்னு நீ சொன்னியா? எனக்குக் கேக்கல. டாஃப்? பின்னாடி திரும்பிப் பாக்கறேன். கண்ண மூடியிருக்கா. வாந்தி எடுத்திருக்கா. ஏய், டாஃப்! கண்ணத் திற!

– பிஸ்கட்! பிஸ்கட், அங்க என்ன நடக்குதுன்னு கேளுடா!

– பிஸ்கட், அவ ஒரு பக்கமாச் சரிஞ்சு கெடக்கான்னு சொல்லு. நான் சீட்ட விட்டு எறங்கிப் பின்னாடி போகவான்னு கேளு!

– வேண்டாம்! ...வேண்டாம்னு சொல்லு பிஸ்கட். அவரு சாவிகிட்டயே இருக்கட்டும். நானே வந்து அவள ஒருக்களிச்சுப் படுக்க வைக்கறேன். மூச்சு இருக்கா பாக்கறேன். இருக்கு. இருக்கு. புள்ள, நீ தூங்கு, பரவாயில்ல, நான் பாத்துக்கறேன். பிஸ்கட், நான் மறுபடியும் முன்னாடி போயிட்டேன். இன்னும் ரெண்டு நட்டு பாக்கி. பேட்டரில ரெண்டு அடிதான் இருக்கும். நான் உன்கிட்டச் சொல்லுவேன், நீ... பிஸ்கட்? எங்க போச்சு இந்த நாயி?

– மரத்தடியில போய்ப் படுத்துருச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல, சும்மா எனக்கு நானே சொல்லிக்கறேன். நாய் மரத்தடியில படுத்திருக்கு. இங்க யாரும் இல்ல.

– யாரும் இல்ல.

– யாரும் இல்லங்க.

– அப்போ... அடிங்க. அடிங்கன்னேன்! உங்களத்தான்! அடிங்க!

– அடிக்கறேன்!

– நுரை போகுது... இன்னும்... நிறுத்துங்க! நல்லது. இறுக்கிட்டேன். இதுதான் கடைசி நட்டு. இது போனா எல்லாம் போச்சு. என் வாயத் தவிர வேற எதையும் கேக்காதீங்க. அடிங்க!

– சுத்த மாட்டேங்குது!

– சுத்தும், பிடிச்சுக்கிட்டே இருங்க! விடாதீங்க! ஆக்ஸிலேட்டர் முழுசா மிதிங்க! வருது... இறுக்கிட்டேன், நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க!

– யப்பா! பிடிச்சுருச்சு! ஒரு சிலிண்டர்... ரெண்டு... பிடிச்சுருச்சுங்க!

– கால எடுக்காதீங்க! அப்படியே நிதானமா வைங்க. இன்னொரு தடவ நின்னா எழுப்ப பேட்டரி இல்ல. இப்போ கேன். குழாய் கட்டையா இருக்கு, கூரைக்கு எட்டாது. இடது பக்க சன்னல் வரைக்கும்தான் வருது.

– அப்படின்னா...

– முன் சீட்டு. ஒருத்தர் முன் சீட்டுல உக்காந்து கேன நெஞ்சுக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே வரணும். உங்க பக்கத்துல.

– நீங்க ஓட்டுங்க, நான் பிடிக்கறேன். அப்பவும் பக்கத்துலதான். ஒண்ணுதான்.

– ஒண்ணுதான். எனக்கு ராத்திரியில சரியாக் கண்ணு தெரியாது, போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிருச்சுன்னா? நீங்களே ஓட்டுங்க. நான் தலையில துண்டப் போட்டுக்கறேன். சன்னல் பக்கமாத் திரும்பிக்கறேன். நீங்க ரோடப் பாருங்க.

– ரோடத்தான் பாப்பேன். நாயி?

– அது பின்னாடி தாவி ஏறிடுச்சு, அவ கால்மாட்டுல படுத்திருக்கு. கிளப்புங்க.

– பிஸ்கட், அவ மூச்சு எப்படி இருக்குன்னு சொல்லுவியா?

– பிஸ்கட், மூச்சு இருக்கு. சின்னச் சின்னதா, வேகமா இருக்கு. நான் ஒரு கைய பின்னாடி நீட்டி அவ விரலப் பிடிச்சிருக்கேன். அழுத்தினா லேசா மடக்கறா. இப்போ மடக்கல. இப்போ மடக்கினா.

– பிஸ்கட், கேன் கனமா இருக்கும். ஒரு கையால பிடிக்க முடியுமான்னு கேளு.

– முடியும்னு சொல்லு. பேச்ச நிறுத்தாதன்னும் சொல்லு. இவ்வளவு நாளா அவரு எனக்குச் சொன்னதெல்லாம் இவ வாய் வழியாத்தான். நல்ல குரல்னு நெனச்சிருந்தேன். அது அவரு குரலா இவ குரலான்னு இப்பத்தான் தெரியாமத் தவிக்கறேன். இவ சத்தம் நின்னதும் எனக்கு ரெண்டு பேருமே போயிட்ட மாதிரி இருந்துச்சு பிஸ்கட்.

– பிஸ்கட், நான் காட்டுக்குள்ள வண்டிய விட்டது தப்புதான். அவங்க அதப் பெருசா எடுத்துக்கலன்னு டாஃப் சொன்னா. அந்தப் பெரிய மனசுக்கு...

– அவ அப்படியா சொன்னா. ம். சொல்லுவா.

– பிஸ்கட், கிளையப் போட்டு மறிச்ச இடம் வரப்போகுது. பெரியவங்க கண்ண மூடிக்கட்டும். நான் பெரிய ரோட்டுலயே நேரா வேகமாத் தாண்டிப் போயிடறேன். ஒரு நிமிஷம்தான்.

– எதுக்குத் தாண்டணும்? நாயக் கேக்கல. உங்களத்தான் கேக்கறேன். எதுக்குத் தாண்டணும்? நூத்திமுப்பது கிலோமீட்டர் இவ தாங்குவாளா? இந்த ஒரு தடவையாவது அந்த வழியக் கேப்பீங்கன்னு நான் அந்த என்ஜினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தேன் தெரியுமா?

– நான் கேட்டேனே! டாஃப்கிட்டச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டேன். உசிரே போனாலும் வேண்டாம்னு நீங்க சொன்னதா அவதான் வந்து சொன்னா.

– அவ என்கிட்ட கேக்கவே இல்ல, மாப்ள. கிளைய நான் எறங்கித் தள்ளறேன், அதுவரைக்கும் கேன நீங்க பிடிங்க... திருப்புங்க வண்டிய.